சூடு பிடிக்காத குவியல்

குவியலுக்குள் கை விட்டால் சுட வேண்டும். முழங்கை மறையும் அளவுக்கு விட்டு, ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் தாங்க முடியாமல் உருவிக்கொள்ள வேண்டும். அப்படிச் சுட்டால்தான் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். சந்தைக் கழிவை மக்க வைத்து உரமாக்கி விற்கும் உரக்காரம்மாவுக்கு இதைத் தெரிந்துகொள்ள வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை. வாளியும் மண்வெட்டியும் பிடித்துக் காய்த்துப்போன கைதான். ஆனாலும் சூடு அதற்குத் தெரியும்.

அன்று காலை கையை விட்டவள் எடுக்காமலே நின்றாள். அவள் கணவர், தெருவில் எல்லோருக்கும் அவர் வண்டிக்காரர், தன் மூன்று சக்கர வண்டியிலிருந்து முட்டைக்கோஸ் இலைகளை வாரி இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, உள்ள எதையாவது தொலைச்சிட்டியா?"

"சில்லுனு இருக்குங்க."

"நேத்து ராத்திரி குளிர் அதிகம். அதுக்கும் சோம்பலா இருக்கும், விடு."

அவர் எதையும் முதலில் சிரிப்பாக்கித்தான் பார்ப்பார். ஆனால் வேலையை நிறுத்திவிட்டு வந்து தானும் கையை விட்டார். பிறகு அவரும் கையை எடுக்காமலே நின்றார்.

அவர்கள் களம் சந்தைக்குப் பின்னால், லாரிகள் திரும்பும் மைதானத்தைத் தாண்டி, தகரக் கொட்டகைகள் நிற்கும் தெருவின் கடைசியில் இருந்தது. மூன்று பக்கம் செங்கல் சுவர், நான்காவது பக்கம் இரும்புக் கதவு. உள்ளே ஒரு மூலையில் இருவரும் குடியிருந்த ஒற்றை அறை. வண்டிக்காரர் முன்பகலில் சந்தையைச் சுற்றி வந்து அழுகின தக்காளி, வெங்காயச் சருகு, சோளத் தோகை என்று எது கிடைத்தாலும் அள்ளி வருவார். மரக்கடையிலிருந்து இழைப்புத்தூள் வரும், மாட்டுக் கொட்டகையிலிருந்து சாணி வரும். அவள் அதை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, கைப்பிடி எடுத்துப் பிழிந்து ஈரம் பார்த்து, ஆள் உயரத்துக்கு எழுப்புவாள். சில நாளில் குவியல் கொதிக்கத் தொடங்கும். குளிர்காலக் காலைகளில் அதிலிருந்து ஆவி எழும். தெருப்பூனைகள் அதன் உச்சியில்தான் தூங்கும். எதிர் கொட்டகையில் தைக்கும் பெண் மழைநாளில் நனைந்த செருப்பைக் கொண்டுவந்து அதன் மேல் காய வைப்பாள். வைத்துவிட்டு, போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, நம் தெருவுக்கு விலாசம் எழுதவே வேண்டாம், மூக்கு இருந்தால் வந்து சேர்ந்துவிடலாம் என்று குத்திக்காட்டாமல் போகமாட்டாள்.

இப்போது அந்த நாற்றம் இல்லை. குவியல் எழுப்பி நாள் பல ஆகியும் முட்டைக்கோஸ் இலை முட்டைக்கோஸ் இலையாகவே இருந்தது. ஓரம் வாடியிருந்தது, அவ்வளவுதான். தையல்காரப் பெண் ஒருநாள் கதவருகே நின்று, அக்கா, என்ன மருந்து போட்டீங்க, தெருவே மணக்குது என்று முகம் மலரச் சொன்னாள். அத்தனை வருடத்தில் அவள் சிரித்து இவர்கள் பார்த்தது அன்றுதான். உரக்காரம்மாவும் பதிலுக்குச் சிரித்துவைத்தாள். அவள் போனதும் குவியலுக்குள் மறுபடி கையை விட்டுப் பார்த்தாள்.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள். காற்றுப் போதவில்லையோ என்று கிளறிவிட்டார்கள். ஈரம் அதிகமோ என்று இழைப்புத்தூள் சேர்த்தார்கள். புதுச் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். வண்டிக்காரர் தினமும் காலையில் எழுந்ததும் குவியலைப் பார்த்து, என்னம்மா, இன்னிக்காவது மனசு இறங்குவியா என்று கேட்பார். குவியல் வீராப்பாக நின்றது. சாணி கூட மேலே வறட்டியாகக் காய்ந்து கிடந்ததே தவிர உள்ளே ஊறவில்லை. பூனைகள் இடத்தை மாற்றிக்கொண்டு தகரக் கூரைக்குப் போய்விட்டன.

குவியலில் புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். நகரக் கழிவுநீர் நிலையத்துச் சேறு.

போன வருடம் நிலையத்து மேற்பார்வையாளர் தானே தேடி வந்து கேட்டிருந்தார். தொட்டிகளின் அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்துப் பாளம் பாளமாக அடுக்கியிருக்கிறோம், வைக்க இடமில்லை, உரத்தில் கலந்தால் பயிர் பிய்த்துக்கொண்டு வளரும், சும்மாவே கொண்டுபோங்கள் என்றார். பொய் சொல்லவில்லை. கறுப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்த அந்தச் சேற்றைக் கலந்த முதல் குவியல்கள் நன்றாகவே மக்கின. நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர், பூந்தோட்டங்கள், ஊருக்கு வெளியே விவசாயம் பார்ப்பவர்கள் என்று எல்லோரும் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். முதல் வண்டி மட்டும் விலைக்குப் போகவில்லை. உரக்காரம்மா அதைத் தன் தங்கையின் அவரைத் தோட்டத்துக்கு அனுப்பினாள், பிறகு எழுப்பிய குவியல்களிலிருந்தும் அனுப்பினாள். நல்லதாக ஒன்று கைக்கு வந்தால் முதலில் தங்கைக்குக் கொடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

அவள் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனபோது அவர் ஒரு தொட்டியின் விளிம்பில் கவலையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அதே கஷ்டம். சாக்கடையைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தாம் அந்தத் தொட்டிகளுக்கு வேலையாட்கள் என்று அவர் விளக்கினார். கொஞ்ச நாளாக அவை செத்துச் செத்துப் போகின்றன. வேறு நகரத்திலிருந்து உயிருள்ள சேறு வாங்கி வந்து ஊற்றுகிறார், அதுவும் சில வாரம்தான் நிற்கிறது. காரணம் என்ன என்று கேட்டதற்கு ஆற்றோரம் கை நீட்டினார். வெள்ளிக் கம்பெனி இன்னொரு கூடம் கட்டியதிலிருந்துதான் இப்படி என்றார். உடனே, அவங்க இங்க விடற கழிவுத் தண்ணி சட்ட அளவுக்குள்ளதான் இருக்கும்மா, நாங்க பார்த்துட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

வெள்ளிக் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்பது அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அங்கே வேலை பார்க்கிறவன் அவள் குடும்பத்திலேயே இருந்தான். தங்கையின் கணவன் அங்கே மூட்டை கட்டும் கூடத்தில் இருந்தான். மண்ணில் கிடந்து வளர்ந்தவன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டு, குளிரூட்டிய அறையில் நின்று செய்கிற வேலை கிடைத்ததும் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிமிர்வு வந்திருந்தது. தோட்டத்தைத் தங்கை பார்த்துக்கொண்டாள்.

அந்த வார விடுமுறையில் இருவரும் தங்கை வீட்டுக்குப் போனார்கள். சோறும் அவரைக்காய்க் குழம்பும் பரிமாறினாள் தங்கை. காய் சூம்பியிருந்தது. இந்தத் தடவை காய்ப்பே சரியில்லக்கா என்று அவளே சொல்லிவிட்டாள். வண்டிக்காரர் சகலையைச் சீண்டினார். உங்க கம்பெனிக் காத்து பட்டாலே எங்க குவியலுக்கு ஜன்னி வந்துடுச்சு என்றார். அவனும் சிரித்தான். உரக்காரம்மா சிரிக்கவில்லை.

"தம்பி, உங்க கம்பெனியில என்னதான் செய்யறீங்க? வெள்ளின்னா கொலுசா, பாத்திரமா?"

"இல்லக்கா, தூள். ஆனா நீங்க நினைக்கிற தூள் இல்ல. மாவு மாதிரி கையில எடுத்துப் பார்க்கலாம், அதுல ஒரு துகளை மட்டும் பார்க்கணும்னா சாதாரண பூதக்கண்ணாடிக்குக்கூடத் தெரியாது. முடி இருக்கு பாருங்க, அந்தக் கனத்துக்கு ஆயிரக்கணக்குல பக்கத்துப் பக்கத்துல அடுக்கலாமாம்."

"அவ்வளவு பொடியா எதுக்கு?"

"பொடியாக்கினாத்தான் அதுக்கு வேகம். சாக்ஸ்ல போடறாங்க, பனியன்ல போடறாங்க, சுவத்துப் பெயின்ட்ல, ஃபிரிட்ஜுக்கு உள்ள பூசறதுல. வேர்வை நாறாது. சாப்பாடு கெடாது."

"ஏன் நாறாது?"

"கிருமியைக் கொன்னுடும்கா."

"எந்தக் கிருமியை?"

அவன் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டே, "எல்லாத்தையும்தான்," என்றான். சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. மென்றுகொண்டிருந்தவன் எதிரே இருந்த அவள் முகத்தைப் பார்த்தான். மெல்வது நின்றது.

"நல்ல கிருமி கெட்ட கிருமின்னு அதுக்குத் தெரியுமா தம்பி?"

"அதெப்படிக்கா தெரியும்."

"வேலை முடிஞ்சதும் கூடத்தைக் கழுவி விடுவீங்களா?"

"ஷிப்டு முடிய முடியக் கழுவணும். மேல படியும்ல. உடுப்பையும் அங்கேயே அலசிடுவோம்."

தங்கை எழுந்து, கை கழுவாமலே பின்பக்கம் தோட்டத்துக்கு நடந்தாள். அக்காவும் பின்னால் போனாள்.

அவரைச் செடியின் வேரில் முடிச்சு முடிச்சாக, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, உருண்டைகள் இருக்கும். உள்ளே குடியிருக்கும் உயிர்கள்தாம் செடிக்குச் சத்தைப் பிடித்துத் தருகின்றன. விவசாயம் பார்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் அது. தங்கை ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். வேர் வழவழவென்று நூல் மாதிரி தொங்கியது. அடுத்ததைப் பிடுங்கினாள். வரிசையின் கடைசிவரை போனாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம், உரம் எட்டாமல் போன சின்னத் துண்டு நிலத்தில் மட்டும் வேரில் முடிச்சு இருந்தது.

"நீ குடுத்ததுன்னு அள்ளி அள்ளிப் போட்டேன்கா," என்றாள் தங்கை. அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. நடந்ததைத்தான் சொன்னாள். அக்காவுக்கு அது அடித்ததைவிட வலித்தது.

"எடுத்துடலாம். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துடலாம்."

"ரெண்டு தடவை உழுதாச்சேக்கா."

என்றாலும் இருவரும் மண்வெட்டியை எடுத்தார்கள். ஒரு பாத்தியின் மேல் மண்ணை வெட்டி ஓரமாகக் குவித்தார்கள். உரம் கறுப்பு, மண் செம்மை. மேலே இருந்தவரை பிரித்தறிய முடிந்தது. அரை முழம் போனதும் இரண்டும் ஒன்றாகிக் கிடந்தன. இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். பிறகு தங்கை மண்வெட்டியை ஊன்றி நின்று, எடுத்து எங்கக்கா போடப் போறோம் என்று கேட்டாள். குவித்ததை அப்படியே விட்டுவிட்டு இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்குள் இரண்டு ஆண்களும் தட்டின் முன்னாலேயே இன்னும் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அவள் கேட்டதும் குவியலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் மண் எடுத்துத் தானே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது களத்துக்கே தேடி வந்தார். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினார்.

"எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குன்னு வந்திருக்கும்மா."

"அப்ப எங்க கை பொய் சொல்லுதா?"

"இல்ல. மொத்தமா எவ்வளவு வெள்ளி இருக்குன்னு அந்த மெஷின் சொல்லும். அது கம்மிதான். ஆனா அது எவ்வளவு பொடியா இருக்கு, என்ன வேலை செய்யுதுன்னு பார்க்க வேற மெஷின் வேணும். இந்தப் பக்கம் யாருகிட்டயும் இல்ல. அப்படியே இருந்து பார்த்தாலும், இவ்வளவு பொடின்னா இவ்வளவுதான் விடலாம்னு சட்டத்துல ஒரு அளவே எழுதலம்மா. எழுதாததை யாரு மீறினாங்கன்னு நான் கேட்கறது?"

வண்டிக்காரர், அப்ப சட்டம் எழுதறவரைக்கும் குவியலை இருக்கச் சொல்லலாமா என்று கேட்டார். வழக்கமான கிண்டல்தான். ஆனால் அன்று அது கிண்டலாக விழவில்லை. மேற்பார்வையாளர் தலையைக் குனிந்து, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு உரக்காரம்மா தன்னிடம் உரம் வாங்கியவர்களைத் தேடிப் போனாள். கணவரின் வண்டியில் முன்னால் ஒட்டி உட்கார்ந்து, வாசல் வாசலாக இறங்கி, நான் தந்ததில் ஒரு கெடுதல் இருக்கிறது, இனிமேல் போடாதீர்கள் என்று சொன்னாள். நாற்றுப்பண்ணைக்காரர் சிரித்தார். நோய் நொடி இல்லாமல் நாற்று பளபளவென்று இருக்கிறதே, இதையா கெடுதல் என்கிறீர்கள், இன்னும் இருந்தால் அனுப்புங்கள் என்றார். பூந்தோட்டம் வைத்திருந்த ஒரு வயதான அம்மாள் மட்டும் கேட்டாள், போட்டதை என்ன செய்வது என்று. இனிமேல் போடாதீர்கள் என்பதையே உரக்காரம்மா திரும்பச் சொன்னாள். சொல்லவாவது சொன்னாயே என்று அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். சிலர் மிச்சமிருந்த மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து களத்து வாசலில் போட்டார்கள். வேறு சிலர் இந்தப் பேச்சே வேண்டாம் என்றார்கள். அவர்கள் காய்களும் சந்தைக்குத்தானே போக வேண்டும்.

பேச்சு கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் மதியம் தங்கை களத்துக்கு வந்தாள். உட்காரவில்லை. குவியலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், உங்கள் உறவுக்காரப் பெண்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாமே என்று கேட்டார்கள், அவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறார் என்றாள்.

"தோட்டமும் போச்சு. இப்ப இருக்கறது அந்த வேலை ஒண்ணுதான்கா."

"அந்தத் தோட்டத்தைக் கெடுத்ததே..."

"தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? அவருக்கும் தெரியும். ராத்திரி படுத்தா இருமறாரு, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா அங்க போகாம எங்க போவாரு? நீ வாயை மூடிக்கன்னு சொல்ல வரல. உன்னால முடிஞ்சா மூடிக்க."

தங்கை போகும்போது, பழக்கத்தில், வாசலோரம் வைத்திருந்த கீரைக்கட்டை அக்கா எடுத்து நீட்டினாள். தங்கை வாங்கத் தயங்கினாள். கண நேரம்தான், வாங்கிக்கொண்டாள். ஆனால் அந்தத் தயக்கத்தை இருவரும் பார்த்துவிட்டார்கள்.

உரக்காரம்மா வாயை மூடிக்கொண்டாள். புதிதாக எதுவும் கலக்கவில்லை, விற்கவுமில்லை. வண்டிக்காரர் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்கப் போனார். குவியலும், திரும்பி வந்த மூட்டைகளும் களத்தை அடைத்துக்கொண்டு நின்றன. மழைக்காலம் வரப்போகிறது, நனைந்தால் எல்லாம் கரைந்து தெருச் சாக்கடைக்குப் போகும் என்பது மட்டும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான், குவியலை எடுத்துக்கொண்டுபோய் முறைப்படி அப்புறப்படுத்த நகராட்சியிலிருந்து லாரி வரும் என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பியபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மேகம் கூடிய ஒரு காலையில் லாரி வந்தது. அள்ளும் இயந்திரம் ஒன்றும் கூட வந்தது. குவியலை வாரி வாரிப் போட்டார்கள். திரும்பி வந்த மூட்டைகளையும் ஏற்றினார்கள். கடைசியில் தரையைக்கூடச் சுரண்டி எடுக்கச் சொல்லி அவளே கூட நின்று காட்டினாள். களம் வெறிச்சென்று ஆனது. தையல்காரப் பெண் எட்டிப் பார்த்து, இவ்வளவு பெரிய இடமா இது என்று ஆச்சரியப்பட்டாள். வண்டிக்காரர் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

லாரி கிளம்பும் நேரத்தில், சும்மா கேட்பது போல உரக்காரம்மா கேட்டாள், இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று. எங்கோ கரை கட்டிய பள்ளம் இருக்கும், அடியில் விரிப்பெல்லாம் போட்டிருப்பார்கள் என்று அவளாகவே மனதில் ஒரு இடத்தைக் கட்டி வைத்திருந்தாள்.

"பக்கத்து டவுன் சந்தைக்கும்மா," என்றார் டிரைவர். "அங்க ஒரு புருஷன் பொண்டாட்டி புதுசா உரம் போட ஆரம்பிச்சிருக்காங்க. சும்மாவே குடுத்தா கொண்டுவாங்கன்னு சொன்னாங்களாம். அவங்களுக்கும் ஆச்சு, நகராட்சிக்கும் இடம் ஆச்சு."

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நல்லது நடக்கிறது என்ற திருப்தியோடுதான் சொன்னார். லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உரக்காரம்மா லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இறக்குங்க."

"என்னம்மா?"

"இதை இங்கயே இறக்கிடுங்க தம்பி."

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏத்தச் சொன்னதும் நீங்க, இறக்கச் சொல்றதும் நீங்களா என்று கேட்டார். வண்டிக்காரர் ஓடிவந்தார். அவள் அவரிடம் சொல்ல வாயெடுத்தாள், முழுதாகச் சொல்லவே தேவைப்படவில்லை. அவர் லாரியை அண்ணாந்து பார்த்தார், வெறுங்களத்தைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். மழை வரும், இங்கே கிடந்தாலும் கரைந்து போகத்தானே போகிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவர் சொல்லவில்லை. போய் இரும்புக் கதவை மறுபடி அகலத் திறந்து, தன் வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்.

லாரி பின்னுக்கு வந்தது. பின்பலகையைத் திறக்க, அத்தனையும் ஒரே சரிவாக இறங்கியது. கறுப்புத் தூசி எழுந்து மெல்ல அடங்கியது. மேற்பார்வையாளரிடம் தான் பேசிக்கொள்வதாக அவள் டிரைவரிடம் சொன்னாள். அவர் பின்பலகையை மூடிவிட்டுக் கையிரண்டையும் பார்த்துக்கொண்டு, தண்ணி எங்கம்மா இருக்கு, கை கழுவணும் என்றார்.

அவள் குழாயடிக்கு நடந்தாள், பாதியில் நின்றாள். குழாயடித் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகும். சாக்கடை நிலையத்துக்குப் போகும். அவள் இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"கழுவாதீங்க தம்பி. துடைச்சுக்கங்க."

இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விரலிடுக்கு விடாமல் துடைத்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போனார்.

அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அலசினால் தண்ணீரில் போகும். எரித்தால் புகையில் போகும். குப்பையில் போட்டால் தன் கணவர் மாதிரி ஒருவர் வந்து அள்ளிப்போவார். முதல் தூறல் தகரக் கூரையில் விழுந்தது. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்த வண்டிக்காரர், அவள் நிற்பதைப் பார்த்து அருகே வந்தார்.

"என்ன?"

"இதை எங்கங்க போடறது?"

அவரும் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவர், கதவு, அறை, குவியல் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு துண்டை அவள் கையிலிருந்து வாங்கி, மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த முனையைப் பிடி," என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தார்ப்பாயை விரிக்கத் தொடங்கினார்கள்.